கஞ்சி குடித்த மிருகம்

"கிரிப்டோசூலோஜி" என்றாள் அந்தோணிமேரி. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

பிரான்சுவாவின் டீ கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

"கிரிப்டோசூலோஜி. அதுலதாண்ணே எம் புருசனுக்கு வேலை. மில்லு மூடுனதுக்கு அப்பறம் அதுக்குத்தான் போய்க்கினு இருந்தாரு. நானும் ஏதோ வெள்ளக்காரன் மில்லுன்னு நெனச்சிக்கினேன். அங்க கைலி நெய்வாங்களா, துண்டு நெய்வாங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு."

இப்போது அவள் புருஷன் ஆரோக்கியம் சிரிக்கும் நிலையில் இல்லை. போன வாரம் கனகசெட்டிக்குளத்துச் சவுக்குத் தோப்பில் பிணமாகக் கிடந்தான். தொடையில் ஆழமாக ஒரு துளை. முகத்தில் தோலே இல்லை. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி வந்து, மிருகம் அடித்துச் சாவு என்று முடித்துவிட்டார். ஊரும் அதையேதான் சொன்னது. கொஞ்ச நாளாகவே அந்தக் கரை மணலில் மூன்று விரல் தடம் பதித்துக்கொண்டு ஏதோ ஒன்று திரிகிறது. மூணுவெரலி என்று பேர்கூட வைத்துவிட்டார்கள்.

"போலீஸ்ல இந்த வார்த்தையச் சொன்னியா?" என்றாள் அஞ்சலாட்சி.

"சொன்னேங்க்கா. எத்தன நாளா இந்த வியாதி இருந்துச்சுன்னு கேட்டாங்க."

அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பூக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துபவள் அவள். நாற்பது வயது. எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாதிப்பேர் அந்த அவகாசத்தில்தான் உண்மையைச் சொல்வார்கள்.

பிரான்சுவா அவளுடைய உதவியாளன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். டூரிஸ்டுகளுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலையில் இருந்தான். ஒரு சாராயக்கடையைக் காட்டி, 'இங்கேதான் எங்கள் மக்கள் அதிகமாக மண்டியிடுவார்கள்' என்று சொன்னதில் வேலை போயிற்று.

"ஒனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"அது தானாத் திரியிற மிருகம் இல்லக்கா. எவனோ பழக்கி வுட்டிருக்கான். அவர் செத்த அன்னிக்கி வெளக்கு வைக்கிற நேரத்துல எங்க ஊட்டுப் பின்கதவுக்கே வந்துச்சு. கதவத் தட்டுச்சுக்கா. எந்த மிருகம் கதவத் தட்டும்? நான் உள்ள வுடுவனா? தொரத்தி அடிச்சிட்டேன். அந்த ஆத்திரத்துலதான் நேராப் போயி அவர…"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கழுத்தில் புறா பொறித்த தாலி அப்படியே இருந்தது. அஞ்சலாட்சியின் பார்வை அங்கே போவதைக் கவனித்தாள்.

"சாமியாரு சொல்லிட்டாரு, மாமியாரும் சொல்லிடுச்சு. கழட்ட மாட்டேன்னுட்டேன். அவரக் கொன்னது யாருன்னு தெரியணும். தெரிஞ்ச அன்னிக்கி நானே கழட்டுவேன்."

"சரி. இங்கயே இரு. சாயங்காலம் வந்துடறோம்."

படியில் இறங்கும்போது அஞ்சலாட்சி கேட்டாள்: "அந்த வார்த்தைக்கு இன்னாடா அர்த்தம்?"

"மூணு துண்டு கிரேக்கம் அக்கா. ஒளிஞ்சிருக்கிறது, மிருகம், படிப்பு. ஒளிஞ்சிருக்கிற மிருகத்தப் பத்தின படிப்பு. பார்த்தேன் பார்த்தேன்னு ஊர் சொல்லும், புடிச்சேன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான் பாருங்க, அந்த மாதிரி மிருகம். பனிமலையில திரியிற மனுசக் குரங்கு, ஏரிக்குள்ள கழுத்த நீட்டுற பாம்பு."

"அப்ப கட்டுக்கதை."

"அப்படியும் தள்ள முடியாது. ஆப்பிரிக்காவுல காட்டுக்குள்ள வரிக்கால் மிருகம் ஒண்ணு இருக்குன்னு அந்த ஊர் ஆளுங்க சொல்லிக்கினே இருந்தாங்க. வெள்ளக்காரன் நம்பல. தோல் வந்து சேர்ந்துது. சிரிப்பு நின்னுபோச்சு. ஒகாப்பின்னு பேர் வெச்சான். இதுல ஒரு விசேஷம், மிருகம் கெடச்ச அன்னிக்கி அது கிரிப்டோசூலோஜி இல்ல, வெறும் சூலோஜி. தேடுற வரைக்கும்தான் அந்தப் பேரு. கண்டுபுடிச்சா உத்தியோகம் போயிடும்."

"ஆக, தோல் வேணும்."

"தோல் இல்லாத மிருகம் வெறும் பேச்சு அக்கா."

"இந்த ஊர்ல அந்த வார்த்தைய யாரு யாருக்குத் தெரியும்?"

"வாய்ல நுழையிறவங்க நாலு பேர் இருப்பாங்க. நோட்டீஸ் அடிச்சவர் ஒருத்தர்." பிரான்சுவா மார்க்கெட் சுவரிலிருந்து ஒரு காகிதத்தைப் பசையோடு உரித்தான். "முசியே லூர்துநாதன். பாரீஸ் மியூசியத்துல செத்த மிருகத்துக்கு வைக்கோல் அடைச்சிக்கினு இருந்தவரு. இப்ப கருவடிக்குப்பத்துல பெரிய காம்பவுண்டு வீடு."

நோட்டீஸில் பக்கவாட்டில் ஒரு மிருகம் நின்றது. பிடரி மயிர், நீண்ட மூஞ்சி, கிழிந்த இடது காது. கீழே: 'மூன்று விரல். இரு காலில் நிற்கும். மனிதக் குரலில் இரண்டு முறை கூப்பிடும். பார்த்தவர்கள் தெரிவிக்கவும். பாரீஸிலிருந்து அறிஞர்கள் வருகிறார்கள்.'

"நேரா கருவடிக்குப்பமா அக்கா?"

"இல்ல. மொதல்ல பார்த்தவங்க. அப்பறம் பார்க்க வெச்சவரு."

* * *

உச்சி வெயில். கனகசெட்டிக்குளத்துக் கரையில் அதற்குள் ஐந்து பேரிடம் பேசியாகிவிட்டது. ஆறாவது ஆள் அம்மாவாசை படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவன்தான் மிருகத்தை ஈட்டியால் குத்தியவன்.

"அம்மாவாசை!" என்று கூப்பிட்டான் பிரான்சுவா.

அவன் திரும்பவில்லை.

"யோவ் அம்மாவாசை!"

முதுகு அசையவில்லை.

"காது கேக்காதவன்கிட்ட சாட்சி கேக்க வந்திருக்கோம் அக்கா. அம்மாவாசைய்யா!"

இப்போது சட்டென்று திரும்பினான். "இன்னா சார்?"

"மூணு தடவ கத்தணுமா?"

"பின்ன? உச்சி நேரத்துலயும் வெளக்கு வைக்கிற நேரத்துலயும் ரெண்டு கூப்புட்டுக்கெல்லாம் எங்க ஊர்ல எவன் திரும்புவான்? ரெண்டோட நிறுத்துறது மனுசன் இல்ல சார். மனுசன்னா மூணாவது கூப்புடுவான். கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"கொடுத்து வெச்ச ஊர். கடன்காரன் ரெண்டு தடவையோட தொண்டை கட்டிப் போயிடுவான்."

அம்மாவாசை சிரித்தான். மிருகத்தைப் பற்றிக் கேட்டதும் மார்பு இரண்டு விரற்கடை அகலமானது. பிடரி மயிர், நீண்ட மூஞ்சி, கிழிந்த இடது காது என்று ஒப்பித்தான்.

"வலது காது?" என்றாள் அஞ்சலாட்சி.

"இன்னாது?"

"இடது காது கிழிஞ்சிருந்துச்சு. வலது காது எப்படி இருந்துச்சு?"

அம்மாவாசை வாயைத் திறந்தான். கடலைப் பார்த்தான். மூடினான்.

"கல்யாணத்துக்குப் போன அஞ்சு பேர் அஞ்சு விதமா சாம்பாரு சொல்லுவாங்க" என்றாள் அஞ்சலாட்சி. "இங்க ஆறு பேரும் ஒரே காதச் சொல்றீங்க. வலது பக்கம் கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. ஏன்னா நோட்டீஸ்ல வலது பக்கம் இல்ல. அன்னிக்கி நீ நெஜமா இன்னா பார்த்த? படத்த மறந்துட்டுச் சொல்லு."

அம்மாவாசையின் குரல் இறங்கியது.

"சாயங்காலக் கருக்கல்க்கா. தோப்பு ஓரம் கறுப்பா, மயிரா நிமிந்து நின்னுச்சு. மூஞ்சியெல்லாம் பாக்கல. கையில மீன் குத்துற ஈட்டி இருந்துச்சு, வீசிட்டேன். தொடையில எறங்குச்சு. ஐயோன்னு கத்துச்சு."

"ஐயோன்னா?" என்றான் பிரான்சுவா.

"ஆமா சார்."

"மிருகம் ஐயோன்னுமாய்யா?"

"மனுசக் கொரலு வரும்னு நோட்டீஸ்லயே போட்டிருக்குதே!" அம்மாவாசைக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "படிச்சவங்க அடிச்ச நோட்டீஸு. நீங்களே இப்படிக் கேட்டா?"

"அப்பறம் எந்தப் பக்கம் போச்சு?" என்றாள் அஞ்சலாட்சி.

"நொண்டிக்கினே அந்தோணிமேரி ஊட்டுப் பக்கம். அதோ, அந்த ஓலை வூடு. பாவம், அப்பறம் தோப்புல அந்த ஆள அடிச்சிப் போட்டுடுச்சு. நான் இன்னும் கொஞ்சம் மேல கொறி வெச்சிருந்தா அன்னிக்கே ஒழிஞ்சிருக்கும்."

பஸ் நிற்கும் இடம் வரை பிரான்சுவா பொறுத்துக்கொண்டான்.

"அக்கா, ஆரோக்கியத்துக்கும் தொடையில ஒரு துளை…"

"தெரியும்."

"அப்ப அந்த மூணுவெரலி…"

"தறி ஓட்டினவன். மில்லு மூடுனப்பறம் கெடச்ச வேலை." அஞ்சலாட்சி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். "தொடையில ஈட்டி பட்டா நொண்டுவான். மூஞ்சித் தோல் உரியாது. அது எப்படின்னு தெரியணும். ஏறு."

* * *

முசியே லூர்துநாதன் வாசல்வரை வந்து வரவேற்றார். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் பட்டுத்துணி. பாரீஸ் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று பிரான்சுவா விட்ட பிரெஞ்சைக் கேட்டதும் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. காம்பவுண்டுக் கதவோரம் ஒல்லியாக, உயரமாக ஒருவன் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். அவனை அவர் கண்டுகொள்ளவில்லை.

"வாங்க மதாம். நீங்கதான் மொதல்ல பாக்கறீங்க. அறிஞர்கள் அடுத்த வாரம்தான் வர்றாங்க."

கூடத்தின் நடுவில் மூணுவெரலி இரண்டு காலில் நின்றது.

ஆள் உயரம். கறுத்த மயிர். கண்ணாடிக் கண். தொடையில் ஓர் ஓட்டை, அதன் வழியே வைக்கோல் எட்டிப் பார்த்தது.

"செத்துக் கெடந்துச்சு, தோப்புல" என்றார் லூர்துநாதன். "ஈட்டிக் காயம் பாருங்க. ஊர்ல சாட்சி இருக்கு, தடம் இருக்கு, ஒரு மரணம்கூட இருக்கு. இப்ப தோலும் இருக்கு. இனிமே யாரு சிரிப்பாங்க?"

பிரான்சுவா மிருகத்தைச் சுற்றி வந்தான். "வலது காது நல்லாதான் இருக்கு அக்கா. ஊருக்குச் சொல்லிடலாம்."

அஞ்சலாட்சி மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு முழுவதும் தோல் தளர்வாக இருந்தது. மூஞ்சியில் மட்டும் சுருங்கி, கருவாடு போல் இறுகிப்போயிருந்தது. மூக்கைச் சுற்றிய மயிரில் வெள்ளை வெள்ளையாக எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

சோற்றுப் பருக்கை.

"அடேங்கப்பா!" என்றான் பிரான்சுவா. "மனுசன் மூஞ்சிய உரிச்சிட்டு, கையோட கஞ்சியும் குடிச்சிட்டுப் போயிருக்கு. தொட்டுக்க ஊறுகா கேக்கலையா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தவன், அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை.

அவள் மிருகத்தின் பின்னால் போனாள். பிடரி மயிரை விலக்கினாள். உள்ளே தோல் வார். வாரின் நுனியில் இரண்டு இரும்பு வளையம். வளையத்தில் ஒரு சின்னப் பூட்டு திறந்தபடி தொங்கியது.

"முசியே, மிருகத்துக்கு எதுக்குப் பூட்டு?"

லூர்துநாதன் அவளைப் பார்த்தார். பிரான்சுவாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சுருட்டு ஒன்றைப் பற்ற வைத்தார்.

"பத்திரிகை இல்ல. புரிஞ்சிடுச்சு" என்றார். "பீடி, மதாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மூஞ்சியக் கழட்டி வெச்சிட்டு பீடி பிடிப்பான். எவனாவது பாத்துட்டா எல்லாம் போச்சு. அதனால பூட்டு. சாவி என்கிட்ட. ராத்திரி இங்க திரும்பி வந்தாத்தான் தெறக்கறது. உள்ள தாடைய வார் இறுக்கிப் பிடிச்சிருக்கும், பெருசாப் பேசவும் முடியாது. நல்ல மிருகம் அவன். ரொம்பப் பொறுமைசாலி."

"ஈட்டி பட்டதும் இங்க வர முடியல."

"தூரம் இல்லியா."

"பக்கத்துல இருந்தது அவன் வீடுதான். போய்க் கதவத் தட்டினான். உள்ள அவன் பொண்டாட்டி சோறு வடிச்சிக்கினு இருந்தா." அஞ்சலாட்சியின் குரல் ஒரே சீராக இருந்தது. "தொரத்தி அடிச்சேன்னு மட்டும்தான் காலையில சொன்னா. எதால அடிச்சேன்னு நான் கேக்கல. கொதிக்கிற கஞ்சி. அது பட்டதும் தோல் சுருங்கிடுச்சு. மூக்கையும் வாயையும் இறுக்கிப் பிடிச்சிருக்கும். பின்னால பூட்டு. கழட்ட முடியல."

"தோப்புல போய் விழுந்துட்டான்" என்றார் லூர்துநாதன், கதையை முடித்துக் கொடுப்பவர்போல. "காலையில நான்தான் பூட்டத் தெறந்தேன். தோல் லேசுல வரல. இழுத்தேன். அவனோடதும் சேர்ந்து வந்துடுச்சு."

பிரான்சுவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்த ரெண்டு தடவ கூப்புடுற விஷயத்த எங்க புடிச்சீங்க?" என்றாள் அஞ்சலாட்சி.

"ஆரோக்கியம்தான் சொன்னான். பொண்டாட்டி ஊர்ல இப்படி ஒரு வழக்கம்னு சொல்லிச் சிரிச்சான். நோட்டீஸ்ல சேர்த்தேன். அழகாப் பொருந்திச்சு. இந்தப் படிப்புல மிருகத்தவிட முக்கியம் பாத்தவங்க, மதாம். பயந்த ஊர் கெடச்சாப் போதும், பாத்தவங்க தானா வந்துடுவாங்க."

"எழுந்திருங்க. ஸ்டேஷனுக்குப் போகலாம்."

"தாராளமா." அவர் எழுந்திருக்கவில்லை. "நான் யாரையும் தொடல. ஆனா கேஸ் நடக்கட்டும். நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கச் சொல்லுவேன். அன்னிக்கி அடுப்புல இருந்த கஞ்சிய யாரு மேல ஊத்துனேன்னு அந்தப் பொண்ணக் கேக்கச் சொல்லுவேன். இதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது இல்ல? கோர்ட்டுல, எல்லார் முன்னாடியும் தெரிஞ்சிக்கட்டும். உங்களுக்குச் சம்மதமா?"

அஞ்சலாட்சி மூஞ்சியில் ஒட்டியிருந்த பருக்கைகளைப் பார்த்தாள்.

"யோசிங்க. அதுக்குள்ள எனக்கு வேலை இருக்கு." ஜன்னலுக்கு வெளியே கதவோரம் நின்றவனைச் சுருட்டால் காட்டினார். "அவனும் அதே மில்லுதான். நல்ல உயரம். வந்தவங்களுக்கு வெறும் வைக்கோல் மட்டும் காட்டினா எப்படி? தூரத்துல இன்னொண்ணு ஓடணும் இல்ல? ஜோடி."

பிரான்சுவா திரும்பி வந்து, வளையத்திலிருந்த பூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"எடுத்துக்கப்பா" என்றார் லூர்துநாதன். "கடையில நிறைய இருக்கு."

* * *

ஆட்டோவில் பிரான்சுவா ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. பெரிய மார்க்கெட் வந்ததும் கேட்டான்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லப் போறீங்களா அக்கா?"

"மாட்டேன்."

"அப்ப அந்தாளு?"

"வேற வழி தேடணும்."

"கதவுகிட்ட நின்னவனுக்கு அதுவரைக்கும் நேரம் இருக்குமா?"

அவள் அவனை முறைத்தாள்.

அந்தோணிமேரி காலையில் உட்கார்ந்த பெஞ்சிலேயே இருந்தாள். வாங்கி வைத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"கெடச்சானாக்கா, வளத்தவன்?"

"கெடச்சான்" என்றாள் அஞ்சலாட்சி. "அந்த மிருகமும் செத்துப்போச்சு. அம்மாவாசை ஈட்டி பட்டுச் செத்துச்சு. நீ ஊருக்குப் போ. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"ஈட்டி பட்டா?" அந்தோணிமேரி புருவத்தைச் சுருக்கினாள். "எங்க ஊட்டுக்கு வந்தப்பவே நொண்டிக்கினுதாங்க்கா வந்துச்சு. கால இழுத்து இழுத்து மணல்ல வர்ற சத்தம் கேட்டுச்சே. அப்பறம்தான போயி அவர அடிச்சுது? தொடையில அடிபட்டது அவ்ளோ பெரிய ஆம்பளய எப்படிக்கா…"

"அத விடு."

"இல்லக்கா. நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா கிறுக்கும்பாங்க. அது எம்பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு. மேரீன்னு. தொண்டைக்குள்ளேருந்து. அப்படியே அவரு கொரலு." அவள் கண்கள் எங்கேயோ நின்றன. "கஞ்சிச் சட்டி கையில இருக்குது. கதவத் தெறக்கப் போனேன். வெளக்கு வைக்கிற நேரமாச்சே, இருன்னு நின்னேன். இன்னொரு வாட்டி மேரீன்னுச்சு. மூணாவதுக்குக் காத்துக்கினு இருந்தேன். அவரா இருந்தா மூணாவது கூப்புடுவாரு. எங்க ஊரக் கிண்டல் பண்ணிக்கினே தெனமும் மூணு தடவ கூப்புடுவாரு. எண்ணிக்கோடி, ஒண்ணு, ரெண்டு, மூணு, மனுசன்தான் வந்திருக்கேன்னுவாரு. அன்னிக்கி மூணாவது வரல. மூச்சுதான் வந்துச்சு. கதவத் தெறந்தேன். மயிரா நின்னுச்சு. ஊத்திட்டேன்."

கீழே பூக்கடையில் யாரோ முழம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலாட்சி எதையாவது சொல்லியிருக்க வேண்டும். எப்போதும்போல், பேசி முடித்தவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். அந்த அவகாசம்தான் தப்பு.

அந்தோணிமேரி பிரான்சுவாவைப் பார்த்தாள். "அண்ணே, காலையில நீங்க ஒரு நிமிசம் சும்மா இல்ல. இப்ப இன்னா ஆச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கை தன்னையறியாமல் சட்டைப்பையை மூடியது. அவள் எழுந்து வந்து அந்தக் கையை விலக்கினாள். பூட்டை வெளியே எடுத்தாள். வளைவில் ஒரு கொத்துக் கறுப்பு மயிர் சிக்கியிருந்தது. மயிரில் ஒரு பருக்கை.

அந்தப் பருக்கையை அவள் விரல் நுனியில் எடுத்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தானே புடைத்து, கழுவி, வடித்த அரிசி.

"இத எங்க மாட்டியிருந்துச்சு?"

பிரான்சுவா தன் பின்கழுத்தைத் தடவினான்.

"அவருக்கா?"

அஞ்சலாட்சி கண்ணை மூடித் திறந்தாள்.

"பேச முடியாதா இத மாட்டிக்கினா?"

"கஷ்டம்" என்றாள் அஞ்சலாட்சி.

"ரெண்டு தடவ கூப்புட்டதே பெருசு."

"ஆமா."

அழுகை வரும் என்று அஞ்சலாட்சி எதிர்பார்த்தாள். தாங்கிப் பிடிக்க ஓரடி முன்னால் வந்தாள். அந்தோணிமேரி அவளைக் கையால் தள்ளி நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள். தாலிக்கயிறு முடிச்சு இறுகியிருந்தது. பொறுமையாக, ஒவ்வொரு இழையாக, தானே அவிழ்த்தாள். மேஜைமேல் பூட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"மேரி" என்றாள் அஞ்சலாட்சி. "பூட்டுனவன் அவன். நீ இல்ல."

"அவனுக்குத் தண்டன வாங்கித் தர முடியுமா?"

"முடியும். ஆனா கோர்ட்டுல ஒன்ன நிக்க வெப்பான். கஞ்சியப் பத்திக் கேப்பான்."

"கேக்கட்டும். சொல்றேன். ஊர்ல பாத்தேன் பாத்தேன்னு சொன்னவங்க எவங்களும் பாக்கல. நேரா, மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தவ நான் ஒருத்திதான்." இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரான்சுவாவிடம் நீட்டினாள். "சாப்புடுங்கண்ணே, வீணாப் பூடும். அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு எனக்கு நீங்க சொல்லவே இல்லியே."

பிரான்சுவா பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

"ஒளிஞ்சிருக்கிற மிருகத்தத் தேடுற படிப்பும்மா."

"கண்டுபுடிச்சிட்டா?"

"அப்பறம் அதுக்கு அந்தப் பேரு கெடையாது."

அவள் தலையாட்டினாள். புரிந்துகொண்ட தலையாட்டல். வெறும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்ப வாங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம். மிருகம் கெடச்சிடுச்சுன்னு."